பாங்க் இங்கிலீஷ் நமக்கும் வரும்!

காலை ஏழரை மணி. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளைக்கு டப்பாவில் எலுமிச்சம் சாதம் அடைத்துக் கொண்டிருந்தேன். "சங்கரா, நெத்திலி, காரப்பொடி..." என்று வாசலில் குரல். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பல வருஷமாகக் கூடை சுமந்து வரும் மீன்காரம்மாதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிடுவார்.

அன்று கூடையை இறக்கியவர் மீனைக் காட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுருக்குப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார்.

"கண்ணு, இது இன்னான்னு படிச்சுச் சொல்லு. துட்டு வந்துச்சுன்னு போட்டிருக்கா, பூட்டுச்சுன்னு போட்டிருக்கா? பையன் படிச்சுக் காட்டினான். கிரெடிட்டு, டெபிட்டுன்னான். எனக்கு எல்லாம் ஒரே டிட்டுதான்."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு மெஸேஜ். முதலாவதில் ஆயிரம் ரூபாய் 'கிரெடிட்டட்'. அடுத்ததில் அதிலிருந்து ஒரு தொகை 'டெபிட்டட்'. காரணம்: 'மினிமம் பேலன்ஸ் சார்ஜ்'.

"வந்தது ஆயா. ஆனா வந்ததுல கொஞ்சம் போயிடுச்சு" என்றேன்.

"யாரு எடுத்தாங்க?"

"பாங்க்தான்."

"நம்ம கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

கேட்டுத்தான் எடுத்தார்கள், இங்கிலீஷில் கேட்டார்கள் என்று சொல்ல நா வரவில்லை. கணக்கு ஆரம்பித்த அன்று அவர் கைநாட்டு வைத்த படிவத்தில் அந்த வார்த்தையும் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கும்.

இது நடந்தது 2023 செப்டம்பரில். தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அந்த மாதம் 15ஆம் தேதி ஆரம்பித்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஆயிரம் ரூபாய் விழுந்தது. எங்கள் ஆயாவுக்கு மட்டுமல்ல, இன்னும் பல பேருக்கும் இப்படிப் பிடித்தம் ஆகியிருக்கிறது. நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையில் பாங்குகள் கை வைக்கக் கூடாது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. சர்க்கார் தலையிட்டது நல்லதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அமைச்சர் வந்து படித்துச் சொல்வாரா?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துச் சகோதரிகள் பாஸ் புக்கையோ போனையோ கொண்டு வந்தால், அதில் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துச் சொல்வது. நான் பாங்க் உத்தியோகஸ்தி அல்ல. பி.காம். படித்ததோடு சரி. ஆனால் ஒன்று புரிந்தது. விஷயம் நம் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதன் மேல் ஒட்டிய பெயர்தான் தெரியாது.

வரவும் பற்றும்

மளிகைக் கடையில் பற்று வரவு நோட்டு வைத்திருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? வரவு என்றால் கிரெடிட். பற்று என்றால் டெபிட். பாஸ் புக்கில் இடம் போதாமல் 'சி.ஆர்.', 'டி.ஆர்.' என்று இரண்டிரண்டு எழுத்தாகப் போட்டிருப்பார்கள். டாக்டர் என்று நினைத்துக்கொண்ட பெண்மணியும் உண்டு! சி.ஆர். வந்தது. டி.ஆர். போனது. அவ்வளவுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இதே கிரெடிட் என்ற சொல்லுக்குக் கடன் என்றும் அர்த்தம் உண்டு. 'டெபிட் கார்டு' தேய்த்தால் நம் சொந்தப் பணம் போகிறது. 'கிரெடிட் கார்டு' தேய்த்தால் பாங்க் பணம் போகிறது, பிறகு அதை நாம் கட்ட வேண்டும். ஒரே சொல் பாஸ் புக்கில் வரவாகவும் கார்டில் கடனாகவும் நிற்கிறது. படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். நமக்கு என்ன வெட்கம்?

அடுத்து மினிமம் பேலன்ஸ். கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அது குறைந்தால் அபராதம். ஆனால் எல்லாக் கணக்குக்கும் இது கிடையாது. 'பேஸிக் சேவிங்ஸ் பாங்க் டெபாசிட் அக்கவுண்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. 2014ல் வந்த ஜன் தன் கணக்கும் இந்த ரகம்தான். இதில் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் அபராதம் இல்லை. இருக்கிற சாதாரணக் கணக்கையே எழுதிக் கொடுத்து இந்த வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆயாவுக்கு அப்படித்தான் மாற்றினோம். சாதாரணக் கணக்குக்கும் இந்த அபராதத்தை ஸ்டேட் பாங்க் 2020லும், இந்தியன் பாங்க் 2025 ஜூலையிலும் எடுத்துவிட்டன. உங்கள் பாங்கில் என்ன நிலைமை என்று வாய் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எண்ணூர், மணலிப் பக்கம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேரும்போது 'சாலரி அக்கவுண்ட்' திறந்து கொடுப்பார்கள். அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. கான்ட்ராக்ட் முடிந்து சில மாதம் சம்பளம் விழாவிட்டால், அதே கணக்கு சத்தமில்லாமல் சாதாரண சேவிங்ஸ் கணக்காகிவிடும். அப்புறம் ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் மிச்சம் மீதியும் சார்ஜில் கரைந்திருக்கும். வீட்டுக்காரர் இரண்டு மூன்று கம்பெனி மாறியவரா? பீரோவில் பழைய பாஸ் புக் எத்தனை கிடக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

அந்த இருபது ரூபாய்

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து அலட்சியமாகப் படிக்காதீர்கள்.

மே மாதக் கடைசியிலோ ஜூன் ஆரம்பத்திலோ பாஸ் புக்கில் 20 ரூபாய் டெபிட் ஆகியிருக்கும். பக்கத்தில் 'பி.எம்.எஸ்.பி.ஒய்.' என்று ஆறு எழுத்தும் இல்லாமல் ஏழு எழுத்தும் இல்லாமல் ஏதோ அச்சாகியிருக்கும். சிலருக்கு 436 ரூபாய், 'பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.' என்று. "எதுக்கோ புடிச்சுட்டான்" என்று திட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

அந்த இருபது ரூபாய் ஒரு வருஷத்து விபத்து இன்ஷூரன்ஸ். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்பதன் சுருக்கம். 2015ல் தொடங்கியது. 18 வயதிலிருந்து 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். 436 ரூபாய் பிடித்தது ஜீவன் ஜோதி என்ற ஆயுள் இன்ஷூரன்ஸ். 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயது வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம். இரண்டும் ஜூன் முதல் தேதி தொடங்கி மே 31 வரை செல்லும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் நெரிசலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்து, காரியமெல்லாம் முடிந்து, மூன்றாம் மாதம் அந்தப் பெண் பாஸ் புக்கோடு வந்தாள். கணக்கை மூட வேண்டும், படிவம் நிரப்பித் தரச் சொல்லி. புரட்டிக்கொண்டே வந்தபோது கண்ணில் பட்டது, அந்த இருபது ரூபாய்.

"அக்கா, இது இன்னாக்கா?"

எனக்குக் கை நடுங்கியது. கணக்கை மூடியிருந்தால் அந்த வரியோடு எல்லாம் போயிருக்கும். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 'கிளெய்ம் ஃபார்ம்' கேட்டோம். முப்பது நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்தாள். பல முறை நடந்த பிறகு பணம் வந்தது. 'கிளெய்ம்' என்றால் கெஞ்சுவது அல்ல. எனக்கு உரியதைக் கொடு என்று கேட்பது. இந்த ஒரு சொல் அவளுக்கு இப்போது மனப்பாடம்.

இன்றைக்கே உங்கள் பாஸ் புக், வீட்டுக்காரர் பாஸ் புக் இரண்டையும் எடுத்து ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். அந்தச் சமயத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் ஆகாது, இன்ஷூரன்ஸும் விட்டுப்போகும். மே மாதம் பிறந்ததும் ஐந்நூறு ரூபாயாவது போட்டு வையுங்கள்.

யார் பெயரில், யாருக்கு?

கணக்கு ஆரம்பிக்கும் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'மோட் ஆஃப் ஆபரேஷன்' என்று பெயர். யார் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. 'சிங்கிள்' என்றால் அவர் ஒருவர்தான். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் காலமானால் இருப்பவர். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்பது இதே மாதிரி ஒலித்தாலும் வேறு: முதலில் பெயர் போட்டவர் இருக்கும் வரை அவர் மட்டும்தான் எடுக்கலாம், அவருக்குப் பிறகே இரண்டாமவர். 'ஜாயிண்ட்லி' என்றால் இரண்டு கையெழுத்தும் சேர்ந்தால்தான்.

"ஜாயிண்ட் அக்கவுண்ட்தான் வெச்சிருக்கோம்" என்று திருப்தியாகச் சொல்லும் சகோதரிகள், இந்த நாலில் எது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

'நாமினி' என்றால் பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர். பெற்றுக்கொள்ள மட்டும்தான்! அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. நாமினி வாங்கும் பணம் சட்டப்படி வாரிசுகளுக்குச் சேரும் என்று உச்ச நீதிமன்றமே 2010ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாமினி இருந்தால் கோர்ட்டுக்குப் போய் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வா என்று பாங்க் அலைய வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கில் மாமியார் பெயர்தான் நாமினியாக இருக்கும். தப்பில்லை. ஆனால் இப்போது மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம், யாருக்கு எத்தனை பங்கு என்றும் எழுதலாம். மாமியார் மனம் கோணாமல் எல்லாரையும் சேர்க்க இதைவிட நல்ல வழி உண்டா?

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் கடன் வாங்கும்போது, "சும்மா ஒரு கையெழுத்து" என்று நம்மையும் போடச் சொல்வார்கள். அங்கே 'கோ அப்ளிகண்ட்' என்று இருந்தால் நீங்களும் கடன்காரர். 'கியாரண்டர்' என்றால் ஜாமீன்தாரர். அவர் கட்டாவிட்டால் உங்களிடம் வருவார்கள். 'விட்னெஸ்' என்றால் வெறும் சாட்சி. மூன்றும் ஒரே பேனாவால் போடும் ஒரே கையெழுத்துதான்.

ஒன்பது பெரிதா, இரண்டு பெரிதா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் அடகுக் கடை இல்லாத வீதி உண்டா? "பேங்க்ல ஒன்பது வட்டி சொல்றான்க்கா. சேட்டு கடையில ரெண்டு வட்டிதான்" என்று வளையலைக் கழற்றிக்கொண்டு புறப்பட்டாள் என் ஓர்ப்படி. நல்ல வேளை, என்னிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

பாங்க் சொல்லும் ஒன்பது 'பெர் ஆனம்', அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது. கடையில் சொல்லும் இரண்டு, மாதத்துக்கு. பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்துநாலு! அவளை உட்கார வைத்துப் பெருக்கச் சொன்னேன். வளையலை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இதைவிடச் சூட்சுமமானது 'ஃப்ளாட் ரேட்'. ஃபிரிட்ஜ், வண்டி, தனியார் கடன் எல்லாவற்றிலும் வரும். பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன், 12 சதவீதம், பன்னிரண்டு மாதம். ஃப்ளாட் என்றால் முழுத் தொகைக்கும் முழு வருஷ வட்டி 1,440 ரூபாய். மாதா மாதம் 1,120 கட்ட வேண்டும். ஆனால் ஆறாவது மாதம் பாதிக் கடனை அடைத்துவிட்டோமே, மீதிக்குத்தானே வட்டி போட வேண்டும்? அப்படிப் போடுவதற்குப் பெயர் 'ரெட்யூஸிங் பேலன்ஸ்'. அதில் அதே 12 சதவீதத்துக்கு மாதம் சுமார் 1,066 ரூபாய். மொத்த வட்டி 800 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆக, 12 சதவீத ஃப்ளாட் என்பது நிஜத்தில் 21 சதவீதத்துக்கும் மேல்.

2024 அக்டோபர் 1 முதல், பாங்கும் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனியும் நம்மைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுக்குமுன் 'கீ ஃபாக்ட் ஸ்டேட்மெண்ட்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். அதில் எல்லாச் செலவும் சேர்த்த நிஜ வட்டி 'ஏ.பி.ஆர்.' என்ற பெயரில் இருக்கும். அந்தத் தாள் வாங்குபவருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் உத்தரவு. தமிழில் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நகைக் கடனுக்கும் 2025 ஜூனில் புதிய விதிகள் போட்டு, 2026 ஏப்ரல் 1க்குள் எல்லாரும் கடைப்பிடிக்கக் கெடு கொடுத்தார்கள். நிபந்தனைகளை நம் பாஷையில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். அந்தச் சாட்சி அவர்கள் ஆளாக இருக்கக் கூடாது. கடனை அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். நகை ஏலம் போனால் கடன் போக மிஞ்சுவதற்கு 'சர்ப்ளஸ்' என்று பெயர். அது நம் பணம். இந்த ஒரு வார்த்தை தெரியாமல் விட்ட பணம் எவ்வளவோ! (தெருமுனை அடகுக் கடை இந்த விதிகளுக்குள் வராது. அதற்கு 1943ஆம் வருஷத்து அடகுக் கடைச் சட்டம்.)

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ்தான் எல்லா வினைக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. தண்டல்காரர் சுத்தத் தமிழில்தான் பேசுகிறார். "பத்தாயிரம் கடன், கையில எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு ரூபா, நூறு நாள்." எவ்வளவு சுலபமாகப் புரிகிறது! ஆனால் அதில் வட்டி என்ற சொல்லே வரவில்லை, பார்த்தீர்களா? கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. பாங்க் புரியாத பாஷையில் உண்மையை எழுதி வைக்கிறது. தண்டல் புரிகிற பாஷையில் அதை மறைக்கிறது.

1978ல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் சங்கத்தை ஆரம்பித்ததே, பூ, காய், மீன் விற்கும் பெண்களை இந்தத் தினக் கடனிலிருந்து மீட்டு பாங்க் பக்கம் அழைத்துப் போகத்தான். 1969ல் பாங்குகள் தேசியமயமாகி ஒன்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெண்களுக்கு வாசல்படி ஏறத் தயக்கம். கடைசியில் சங்கமே தனக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கியது.

ஏற்றம், இறக்கம், நிதானம்

டி.வி.யில் வியாபாரச் செய்தி வந்தால் நாம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறோம். "ரிப்போ ரேட், இன்ஃப்ளேஷன், பேஸிஸ் பாயிண்ட்" என்று ஓடும். இதையும் ஆயாவிடம்தான் நான் கற்றுக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வஞ்சிரம் விலை எகிறும். அதுதான் 'பீக்', உச்சி. தடை முடிந்து படகுகள் வந்ததும் 'ஃபால்'. புரட்டாசியில் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள், விலை சற்றே பள்ளம் விழும்: 'டிப்'. வருஷா வருஷம் இதே சமயத்தில் வருவதால் 'சீஸனல்'. ஞாயிற்றுக்கிழமை ஒரு விலை, திங்கள் ஒரு விலை என்று ஆடினால் 'ஃப்ளக்சுவேட்' ஆகிறது. கருவாடு விலை போல ஆடாமல் அசையாமல் நின்றால் 'ஸ்டெடி'. இத்தனையும் அந்த அம்மாவுக்குத் தெரியும். பெயர் மட்டும்தான் சொன்னேன். "ஓ, அதுக்குப் பேரா டிப்பு? நான் படுத்துடுச்சும்பேன்" என்றார்.

இப்போது ரிப்போ ரேட்டைப் பாருங்கள். ரிசர்வ் பாங்க் மற்ற பாங்குகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி அது. 2020 மே மாதம் 4 சதவீதம். இரண்டு வருஷம் ஸ்டெடி. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5. மறுபடி இரண்டு வருஷம் ஸ்டெடி. 2025ல் நாலு தடவை இறங்கி டிசம்பரில் 5.25. இது ஏறினால் வீட்டுக் கடன் வட்டியும் டெபாசிட் வட்டியும் ஏறும். இறங்கினால் இரண்டும் இறங்கும். வீட்டுக் கடன் 'ஃப்ளோட்டிங்' என்றால் கூடவே ஏறி இறங்கும். ஏறும்போது இ.எம்.ஐ. மாறவில்லையே என்று சந்தோஷப்படாதீர்கள். தவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். 'டெனர்' என்ற வரியைப் பாருங்கள்.

ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு நேர்மாறு. போட்ட அன்றைய வட்டி முதிர்ச்சி வரை மாறாது. ஆனால் படிவத்தில் 'ஆட்டோ ரின்யூவல்' என்று டிக் அடித்திருந்தால், முதிர்ந்த அன்று இருக்கும் புது வட்டிக்குத் தானாக மறுபடி போட்டுவிடுவார்கள். 'மெச்சூரிட்டி' தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

பேஸிஸ் பாயிண்ட் என்றால் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. "ஐம்பது பேஸிஸ் பாயிண்ட் குறைப்பு" என்றால் அரை சதவீதம், ஐம்பது சதவீதம் இல்லை! வட்டி ஐந்திலிருந்து ஆறானால் ஒரு சதவீதப் புள்ளி ஏறியது. இதையே ஓர் ஏஜண்ட் "வருமானம் இருபது சதவீதம் உயர்ந்திருக்கு மேடம்" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. எதிலிருந்து எதற்கு என்று கேட்டால் அடங்கிவிடுவார்.

'இன்ஃப்ளேஷன் குறைந்தது' என்று செய்தி. மார்க்கெட்டுக்குப் போனால் எதுவும் குறையவில்லை. பொய் சொல்கிறார்களா? இல்லை. போன வருஷம் நூறு ரூபாய்ச் சாமான் 106 ஆனது. இந்த வருஷம் 109 ரூபாய் சொச்சம் ஆகிறது. ஏறும் வேகம் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தது, விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுகிறவர் மூச்சு வாங்கி மெதுவாக ஏறினால், இறங்குகிறார் என்றா அர்த்தம்?

வட்டி அதிகம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்க வேண்டிய சொல் 'இன்ஷூர்ட்'. நம் பாரிமுனைப் பக்கம் அர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று கொடி கட்டிப் பறந்தது. 1906 அக்டோபரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் போயிற்று. அந்த வேதனையிலிருந்து மறு வருஷம் பிறந்ததுதான் இந்தியன் பாங்க். அப்போது டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. 2020 பிப்ரவரி முதல் ஒரு பாங்கில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. சீட்டுக்கும் நகைக் கடை சேமிப்புத் திட்டத்துக்கும் இது கிடையாது.

தமிழில் கேட்கலாம்

படிவம், பணம் கட்டும் சலான், பாஸ் புக் எல்லாம் இங்கிலீஷ், ஹிந்தி, அந்தந்த மாநில மொழி என்று மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் சொல்லியிருக்கிறது. கவுண்ட்டரில் "தமிழ் ஃபார்ம் இல்லைம்மா" என்றால் மேனேஜர் அறைக்குப் போங்கள். ராயபுரத்தில் ஒரு கிளையில் அப்படிக் கேட்டபோது அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கட்டே வந்தது, தூசியோடு!

தவறாகப் பிடித்தம் செய்தால் முதலில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ 'ஆம்புட்ஸ்மன்' என்ற குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க ரிசர்வ் பாங்கின் 14448 என்ற எண் இருக்கிறது.

போனில் பணம் அனுப்பும் சகோதரிகளுக்கு: 'பின்' நம்பர் பணம் போவதற்கு மட்டும்தான். பணம் வருவதற்குப் பின் கேட்டால் திருடன். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் பேசுங்கள்.

போன வாரம் ஆயா வந்தார். கூடையை இறக்குமுன்பே போனை நீட்டினார். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"சி.ஆர். போட்டிருக்கு கண்ணு, அது எனக்குத் தெரியும். கீழே ஒண்ணு 'லீன்'னு போட்டிருக்கே, அது இன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'லீன்' என்றால் பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது. ஏதோ ஒரு பாக்கிக்காகப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயாவோ யாரிடமும் கடன் வாங்கவில்லை என்கிறார். பையனுக்கு எங்காவது கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "போன வருஷம் சும்மா ஒண்ணு போட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் பாங்குக்குப் போகிறோம்.